வாங்குபவர் பேசாமல் போனால்: இணைய வியாபார விற்பனையிலிருந்து முறையாக விலகுவது எப்படி?

2022ஆம் ஆண்டு மே மாதம், பதுளை பஸ் நிலையத்தில் நின்றபடி வட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தேன். நான் அனுப்பிய ஏழாவது செய்திக்கும் ஒரேயொரு சாம்பல் நிறச் சரிக்குறிதான் இருந்தது. செய்தி என் கைப்பேசியிலிருந்து போயிருக்கிறது, அவருடைய கைப்பேசிக்குப் போய்ச் சேரவில்லை என்பது அதன் பொருள். அவர் கனடாவில் இருந்தார். என் சிறிய இணைய வியாபாரத்தை வாங்குவதாகச் சொல்லி, முற்பணமும் அனுப்பி, பிறகு பேச்சை நிறுத்தியிருந்தார்.

அந்த வியாபாரத்தை விற்கவும் முடியாமல், நடத்தவும் முடியாமல் இரண்டரை மாதம் நின்றேன். அந்தக் காலத்தில் நான் கற்றுக்கொண்டதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். முகநூல் பக்கம், இணையக் கடை, யூடியூப் சேனல், வட்ஸ்அப் வியாபார இலக்கம் என்று இன்று எம்மவர் பலரிடம் விற்கத்தக்க சிறு முயற்சிகள் இருக்கின்றன. வாங்குபவர் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் நம்மவராகவே இருப்பார். அந்த விற்பனை நடுவழியில் நின்றால் என்ன செய்வது என்பதைத் தமிழில் சொல்ல ஆள் குறைவு.

என் கதை சுருக்கமாக

நான் ஹாலிஎல பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். பெரியப்பா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டிறங்கி கிளிநொச்சியில் குடியேறியது. பெரியப்பாவின் மகள், என் அக்கா, 2009 மே மாதத்துக்குப் பிறகு கணவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். அவர் அங்கிருந்து ஒடியலும் பனங்கட்டியும் அனுப்புவார். நான் இங்கே பதிவுபெற்ற பொதியிடுநரிடம் ஊவாத் தேயிலைப் பைக்கற்றுகளும், பசறைப் பக்கத்து மிளகும் வாங்குவேன். முகநூல் பக்கத்திலும் ஒரு சிறிய இணையத்தளத்திலும் விற்று, கூரியரில் அனுப்பி, பொருள் போய்ச் சேர்ந்த பின் காசு வாங்குவோம். வருமானம் பெரிதில்லை. ஆனால் அக்காவின் வீட்டுக்கு மாதாமாதம் போகும் காசு அதுதான்.

2022 ஜனவரியில் அதை 12 இலட்சம் ரூபாவுக்கு விற்க ஒப்புக்கொண்டேன். வாங்குபவர் அக்காவிடம் தொடர்ந்து பொருள் எடுப்பதாக உறுதி சொன்னார். கொழும்பிலுள்ள அவருடைய உறவினரின் வங்கிக் கணக்கிலிருந்து 3 இலட்சம் முற்பணம் வந்தது. மீதி 9 இலட்சம் மார்ச் 31க்கு முன் வரவேண்டும். எல்லாம் மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் எழுதிக்கொண்டதே. தனி ஒப்பந்தப் பத்திரம் இல்லை.

மார்ச் போனது. காசும் வரவில்லை, ஆளும் வரவில்லை. புதிய ஓடர் எடுப்பதை நான் பெப்ரவரியிலேயே குறைத்துவிட்டேன். “வேறொருவருக்குச் சொந்தமாகப் போகிற கடைக்கு ஏன் சரக்கு நிரப்ப வேண்டும்” என்ற எண்ணம்தான். அக்காவின் வீட்டில் ஒடியல் மூட்டைகள் கட்டியபடியே கிடந்தன.

மௌனம் எதையும் முடித்து வைக்காது

நான் செய்த முதல் பிழை, அவர் பேசாமல் போனதால் ஒப்பந்தம் தானாகவே செத்துவிட்டது என்று நினைத்தது. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

இலங்கையில் ஒப்பந்தங்களுக்கான பொதுச் சட்டம் உரோமன்-டச்சுச் சட்டம். சரக்குகளின் விற்பனைக்கு 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இணைய வியாபாரம் என்பது சரக்கும், பெயரும், கணக்குகளும், வாடிக்கையாளர் தொடர்பும் சேர்ந்த கலவை. ஆகவே இரண்டையும் மனதில் வைத்திருக்க வேண்டும். இரண்டும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். பணம் செலுத்தக் குறித்த நாள் தவறினால் வாங்குபவர் தவறிழைத்தவராகிறார். ஆனால் அந்த ஒரு காரணத்தாலேயே விற்பனையை ரத்துச் செய்யும் உரிமை விற்பவருக்கு வந்துவிடாது. “குறித்த நாளில் பணம் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து” என்று முதலிலேயே எழுதியிருந்தால் அந்த உரிமை உடனே உண்டு. எழுதியிராவிட்டால், நியாயமான கால அவகாசம் கொடுத்து அறிவித்தல் அனுப்பி, அந்த அவகாசமும் கடந்த பிறகே ரத்துச் செய்யலாம்.

அறிவித்தல் அனுப்பாமல் அதே வியாபாரத்தை இன்னொருவருக்கு விற்றால், தவறிழைத்தவர் நீங்களாகிவிடுவீர்கள். முதல் ஆள் ஆறு மாதம் கழித்துக் காசோடு வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

முதலில் பார்க்க வேண்டியது: ஒப்பந்தம் உண்டா, இல்லையா?

விலை கேட்டார், சொன்னேன், “யோசித்துச் சொல்கிறேன்” என்றார், பிறகு ஆளில்லை. இது வெறும் பேரப்பேச்சு. அவர் ஏற்றுக்கொள்வதற்கு முன் உங்கள் விலையைத் திரும்பப் பெறலாம். “நான் சொன்ன விலை இன்றோடு செல்லாது” என்று ஒரு வரி எழுதினால் போதும்.

“இன்ன திகதிவரை உங்களுக்காக வைத்திருப்பேன்” என்று சொல்லியிருந்தால் மட்டும் கவனம் தேவை. காசு கைமாறாத வாக்குறுதிக்குக் கட்டுப்பாடில்லை என்று நம்மில் பலர் சொல்வது ஆங்கிலேயச் சட்டத்தின் வாசனை. இலங்கையில் ஒப்பந்தத்துக்கு ஈடாக ஏதாவது கொடுத்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. மனமொப்பி, நியாயமான காரணத்தோடு செய்த வாக்குறுதியே போதும். 1918ஆம் ஆண்டு ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில் இலண்டன் கோமறைக் கழகம் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே முற்பணம் வாங்கவில்லை என்பதற்காகக் கட்டுப்பாடில்லை என்று நினைத்துவிட வேண்டாம். குறித்த திகதிவரை பொறுத்திருங்கள்.

விலை, பொருள், காசு வரும் நாள் ஆகிய மூன்றிலும் இருவரும் உடன்பட்டிருந்தால் அது ஒப்பந்தம். அது வட்ஸ்அப்பில் இருந்தாலும் ஒப்பந்தமே. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆவணத்துக்குச் சட்ட மதிப்பை மறுக்க முடியாது. காணி, வீடு போன்ற அசையாச் சொத்து மட்டும் வேறு கதை. அதற்கு நொத்தாரிசு உறுதி வேண்டும் என்று 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் சொல்கிறது. வியாபாரத்தோடு கடைக் கட்டடத்தையும் சேர்த்து விற்பவர்கள் அந்தப் பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஏன் விலகுகிறோம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வது

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் விலக நினைத்ததற்கு அவருடைய மௌனம் மட்டும் காரணமில்லை. ஜனவரியில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவைத் தளர்த்திவிட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. மே மாதம் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. நான் ஒப்புக்கொண்ட 12 இலட்சத்தின் மதிப்பு அரைவாசிக்குப் பக்கமாக இறங்கியிருந்தது. அரிசி, மா, கூரியர் கட்டணம், பெட்டி அட்டை எல்லாம் ஏறியிருந்தன. ஜனவரி விலை எனக்குக் கசந்தது.

ஆனால் ரூபா விழுந்தது, விலை கசந்தது என்பது ரத்துச் செய்யக் காரணமாகாது. ரூபாவில் விலை பேசினால் ரூபாதான். அவர் மார்ச் 30ஆம் திகதி 9 இலட்சத்தை அனுப்பியிருந்தால், வாயை மூடிக்கொண்டு கடையைக் கையளிப்பதே என் கடமை. காசு வரவில்லை, அவகாசம் கொடுத்தும் வரவில்லை என்ற ஒன்றே நான் நிற்கக்கூடிய நிலம். அறிவித்தலிலும் அதை மட்டுமே எழுதினேன். நாணயம், நாட்டு நிலைமை, என் கஷ்டம் எதையும் கலக்கவில்லை. கலந்திருந்தால், விலை பிடிக்காமல் சாட்டுத் தேடினேன் என்று நாளைக்கு அவரே சொல்லலாம்.

அதே ஆண்டில் உலகமே இதைப் பார்த்தது. ஏப்ரலில் 44 பில்லியன் டொலருக்கு டுவிட்டரை வாங்க ஒப்புக்கொண்ட எலோன் மஸ்க், ஜூலையில் விலகுவதாகக் கடிதம் கொடுத்தார். டுவிட்டர் டெலவெயார் நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் ஒக்டோபர் 27ஆம் திகதி பேசிய விலைக்கே வாங்கினார். அங்கே விலக நினைத்தவர் வாங்குபவர், இங்கே விற்பவர். விலை பிடிக்கவில்லை என்பதற்காக விலக முடியாது என்பது இருவருக்கும் பொது.

அவருக்கு என்ன நடந்தது?

பதில் இல்லாமை என்றால் என்னவென்று எங்களில் பலருக்குத் தெரியும். ஆகவே அறிவித்தல் எழுதுவதற்கு முன் அக்காவோடு பேசினேன்.

“தம்பி, கோபத்தில எழுதாத. அந்தாளுக்கு என்னவோ நடந்திருக்கும். ஆனா எழுதாமலும் இருக்காத” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆளுக்காகக் காத்திருக்கிறது வேற, காசுக்காகக் காத்திருக்கிறது வேற. காசுக்கு ஒரு நாள் வைக்கலாம்” என்றார்.

அதற்கு மேல் எனக்குச் சட்டம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. ஆனால் முறை தேவைப்பட்டது.

அறிவித்தலுக்கு முன் மூன்று வழிகளில் அவரைத் தேடினேன். அவருடைய மின்னஞ்சல் ஒன்று. காசு அனுப்பிய கொழும்பு உறவினரின் இலக்கம் இன்னொன்று. எங்களை அறிமுகப்படுத்தியவர் மூன்றாவது. மூன்று பேரிடமும் ஒரே கேள்விதான்: “சுகமாக இருக்கிறாரா? பேசச் சொல்லுங்கள்.” கடன் கேட்டு அலைவதைப் போல ஊரெல்லாம் பரப்பவில்லை. முகநூலில் பெயர் போட்டு எழுதவே இல்லை. அப்படி எழுதுவது அவதூறு வழக்குக்கு வழி வைக்கும், சுகமில்லாமல் கிடக்கும் மனிதனை இன்னும் வருத்தும். உறவினர், “சொல்லிவிடுகிறேன்” என்று மட்டும் சொன்னார்.

அறிவித்தல்

அறிவித்தலுக்கு இவ்வளவு நாள் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் ஓர் எண் இல்லை. நியாயமான காலம் என்பதே அளவு. தொகை, தூரம், வங்கி எடுக்கும் நாட்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நான் 21 நாள் கொடுத்தேன். மே 20ஆம் திகதி அனுப்பிய வாசகம் இப்படி இருந்தது. பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

“அன்புடையீர், 2022 ஜனவரியில் எமக்கிடையில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி எனது இணைய வியாபாரத்தின் விலை 12 இலட்சம் ரூபா. அதில் 3 இலட்சம் ரூபா கிடைத்தது. மீதி 9 இலட்சம் ரூபா மார்ச் 31ஆம் திகதிக்கு முன் செலுத்தப்பட வேண்டியிருந்தும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் அனுப்பிய செய்திகளுக்கும் பதில் இல்லை. இந்த மீதித் தொகையை 2022 ஜூன் 10ஆம் திகதி மாலை 5 மணிக்கு முன் கீழ்க்காணும் கணக்குக்குச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். செலுத்தினால் அன்றே கையளிப்பைத் தொடங்க ஆயத்தமாக இருக்கிறேன். செலுத்தத் தவறினால் உடன்பாட்டை ரத்துச் செய்து, வியாபாரத்தை நானே நடத்தவோ வேறொருவருக்கு விற்கவோ தீர்மானிப்பேன் என்பதை இத்தால் அறிவிக்கிறேன். ஏதேனும் இடர் இருப்பின் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள்.”

இதில் ஐந்து விடயங்கள் இருக்கின்றன: என்ன உடன்பாடு, எது தவறியது, எந்த நாள்வரை அவகாசம், நான் என் பங்கைச் செய்ய ஆயத்தம், தவறினால் என்ன நடக்கும். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் கடிதம் பலவீனப்படும். “விரைவில் செலுத்துங்கள்” என்பது அவகாசமல்ல. திகதி வேண்டும்.

அனுப்பும் வழியும் முக்கியம். மின்னஞ்சல், வட்ஸ்அப், அவருடைய கனடா முகவரிக்குப் பதிவுத் தபால் என்று மூன்றிலும் அனுப்பினேன். தபாற்கந்தோர் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தினேன். அந்த நாட்களில் எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடுவதே அருமை. பதுளைக்குப் போய் வர ஒரு பகல் போனது.

தோட்டங்களில் இருப்பவர்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. லயன் வீடுகள் பலவற்றுக்கு இன்றும் தனி முகவரி இல்லை. கடிதம் முதலில் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து கைமாறிக் கைமாறி வரும். சில வேளை வராமலே போகும். எதிர்த்தரப்பு உங்களுக்கு அனுப்பும் பதில் அப்படித் தொலைந்தால், பதில் சொல்லாதவர் நீங்கள் என்றாகிவிடும். ஆகவே அறிவித்தலில் நகரத்திலுள்ள ஓர் உறவினரின் முகவரியையோ தபால் பெட்டி இலக்கத்தையோ, அதோடு ஒரு மின்னஞ்சலையோ கொடுங்கள்.

நாள் கடந்த பின்

ஜூன் 10 மாலை கடந்தது. காசு வரவில்லை. நாள் கடந்ததும் ஒப்பந்தம் தானாக முடியாது. முடிப்பதாக நீங்கள் தீர்மானித்து, அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஜூன் 11ஆம் திகதி மூன்றே வரிகளில் இரண்டாவது கடிதம் போனது: அவகாசம் முடிந்தது, உடன்பாடு இன்றோடு ரத்து, முற்பணம் திருப்பி அனுப்பப்படுகிறது.

இந்த இரண்டு கடிதங்களுக்கும் இடையில் ஒரு பொறி உண்டு. அவகாசம் முடிந்த பிறகு அவர் 1 இலட்சம் அனுப்பி, நீங்கள் ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டால், ரத்துச் செய்யும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டதாகக் கொள்ளப்படலாம். தொடர்வதானால் புதிய திகதியோடு எழுத்தில் தொடருங்கள். முடிப்பதானால் அந்தக் காசையும் திருப்பி அனுப்புங்கள். ஒரு தடவை ரத்து என்று அறிவித்த பின், விலை ஏறியது இறங்கியது என்று மனம் மாறவும் முடியாது.

முற்பணம் யாருக்கு?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. “ஆள்தானே ஓடினார், காசு நமக்கு” என்பது ஊர் வழக்கு. ரத்து என்றால் இருவரும் பெற்றதைத் திருப்பிக் கொடுப்பது என்பது சட்டத்தின் பொது வழி. தவறினால் முற்பணம் இழக்கப்படும் என்று முன்பே உடன்பட்டிருந்தால் அது வேறு. அப்படி எதுவும் எழுதியிராவிட்டால், உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட நட்டத்தைக் கணக்குக் காட்டிக் கோரலாம். முழுத் தொகையையும் சும்மா வைத்துக்கொள்ள முடியாது.

எனக்கு நட்டம் இருந்தது. எடுக்காமல் விட்ட ஓடர்கள், அக்காவிடம் கிடந்த ஒடியல், தபால் செலவு. ஆனால் ஓடரைக் குறைத்தது என் சொந்தத் தீர்மானம். அதை அவர் தலையில் கட்ட மனம் வரவில்லை. 3 இலட்சத்தையும் திருப்பினேன்.

திருப்புவதிலும் முறை உண்டு. காசு எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத்தான் திருப்ப வேண்டும். “என் தம்பிக்குப் போடுங்கள்”, “உண்டியலில் தாருங்கள்” என்று யார் சொன்னாலும் வேண்டாம். காசு வந்த கணக்கு வேறு, திரும்பிய கணக்கு வேறு என்றால் மோசடிக்காரர்கள் நடுவில் புக இடம் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து நேராக வந்த காசானால் வங்கிக்குப் போய், வந்த பற்றுச்சீட்டையும் ரத்துக் கடிதத்தையும் காட்டிக் கேளுங்கள். விற்பனை முடியும்வரை முற்பணத்தைத் தொடாமல் வைத்திருப்பதே எல்லாவற்றிலும் நல்லது. நான் அதில் 40 ஆயிரத்தைச் செலவழித்திருந்தேன். அதைத் திரட்டத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கையளித்தவற்றைத் திரும்பப் பெறுதல்

முகநூல் பக்கத்தில் ஒருவருக்கு முழுக் கட்டுப்பாடு கொடுத்தால் அவர் உங்களையே அகற்றிவிடலாம். மீதிக் காசு வருமுன் பகுதி அணுகல் மட்டும் கொடுங்கள். நான் பதிவு போடும் அளவுக்குத்தான் கொடுத்திருந்தேன். ரத்துச் செய்த அன்று அதை எடுத்துவிட்டேன்.

வட்ஸ்அப் வியாபார இலக்கத்தின் சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவானது. அதை அப்படியே இன்னொருவர் கையில் கொடுத்தால், அவர் செய்வதற்கெல்லாம் முதலில் விசாரிக்கப்படுபவர் நீங்கள். உரிமை மாற்றத்தைத் தொலைபேசி நிறுவனத்தின் கிளையில் செய்த பின்பே கொடுக்க வேண்டும். இணையத்தள முகவரியையும் கடைசித் தவணை வந்த பின்பே மாற்ற வேண்டும். பிரதேச செயலகத்தின் ஊடாகச் செய்த வியாபாரப் பெயர்ப் பதிவை முன்கூட்டியே நீக்கிக்கொள்ளக் கூடாது.

வாடிக்கையாளர் பட்டியல் தனி விடயம். பெயரும் வீட்டு முகவரியும் தொலைபேசி இலக்கமும் உள்ள பட்டியல் அது. போர் கண்ட மக்களின் முகவரிப் பட்டியல் எவ்வளவு பாரதூரமானது என்று நான் சொல்லத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தகவல்களைக் கையாள்வதற்குக் கடமைகளை விதிக்கிறது. பேச்சு நடக்கும்போது எண்ணிக்கையை மட்டும் காட்டுங்கள், பட்டியலைக் காட்டாதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால், அழித்துவிட்டதாக எழுத்தில் கேளுங்கள்.

கணக்கின் கட்டுப்பாடு ஏற்கனவே அவர் கைக்குப் போயிருந்தால், கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழைய முயல வேண்டாம். அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றம். அந்தக் கட்டத்தில் சட்டத்தரணியிடம் போவதே வழி.

எங்கே போகலாம்?

காசு தரவில்லை என்பதற்காக மட்டும் பொலிஸுக்குப் போவதில் பயன் குறைவு. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தால்தான் அது குற்றம். மற்றது குடியியல் பிணக்கு. இருவரும் உள்நாட்டில் இருந்தால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி வைத்துப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். குறித்த தொகைக்குக் கீழான பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் அங்கே போயாக வேண்டும். வாங்குபவர் வெளிநாட்டில் என்றால் அது நடைமுறைக்கு உதவாது.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம். பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. படிவத்தையும் பதிலையும் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்காவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

வழக்குத் தொடரக் கால எல்லையும் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டு. எழுத்தில் வைத்திருப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று.

அடுத்த முறை எழுத வேண்டியவை

நான் இப்போது யாருக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தாலும் இந்தப் பந்திகளை வைக்கிறேன்:

- மீதிப் பணம் வரவேண்டிய நாள். அந்நாளில் வராவிட்டால் 14 நாள் அறிவித்தலோடு விற்பவர் ரத்துச் செய்யலாம் என்ற வாசகம்.
- எந்த நாணயத்தில் விலை, எந்த நாணயத்தில் முற்பணம் திருப்பப்படும்.
- முற்பணத்தில் எவ்வளவு கழிக்கப்படலாம், எதற்காக.
- அறிவித்தல் அனுப்பும் மின்னஞ்சல், முகவரி. அவருக்குப் பதிலாகப் பேசக்கூடிய இன்னொருவரின் பெயரும் இலக்கமும். நோயோ விபத்தோ வந்தால் இந்த ஒரு வரி இரு தரப்பையும் காப்பாற்றும்.
- விற்பனை முடியும்வரை வியாபாரத்தை யார் நடத்துவது. பதில்: விற்பவர், வழக்கம்போல.
- தொகை பெரிதானால், பணத்தை நடுவில் வைத்திருக்கும் சட்டத்தரணி. 2022இல் இலங்கையில் பேபால் மூலம் பணம் பெற முடியாததால் அதன் பாதுகாப்பு முறைகளை நம்ப வழியிருக்கவில்லை.

கடைசியாக, எல்லா உரையாடலையும் வட்ஸ்அப்பிலிருந்து ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். என் தாத்தா பதுளை நகரத்துக் கடையொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். 1983 ஜூலையில் கடையோடு பற்றுவரவுப் புத்தகங்களும் எரிந்தன. கடன்பட்டவர்களில் சிலர் தேடி வந்து கொடுத்தார்கள், பலர் கையை விரித்தார்கள். சாம்பலைக் காட்டிக் கணக்குக் கேட்க முடியாது என்று அப்பா அடிக்கடி சொல்வார். கைப்பேசியும் எரியும், தொலையும், தண்ணீரில் விழும். பிரதி வேறிடத்தில் இருக்கட்டும்.

ஜூன் நடுப்பகுதியில் கடையை மறுபடி திறந்தேன். எரிபொருள் இல்லாமல் கூரியர் வாரத்துக்கு ஒரு முறைதான் வந்தது. ஆனாலும் ஜூலையில் காற்று மாறி, ஊவாத் தேயிலையின் வாசனைக் காலம் தொடங்கியபோது சரக்கு கையில் இருந்தது. அக்காவின் ஒடியல் மூட்டைகளில் இரண்டு பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தன. மற்றவை விற்றுப் போயின.

டிசம்பரில் தெரியாத இலக்கமொன்றிலிருந்து செய்தி வந்தது. “காசு கிடைத்தது. மன்னிக்கவும்.” அவ்வளவுதான். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சுகமாக இருங்கள் என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு சரிக்குறியும் நீலமாகின.